600 வெள்ளிக்குள் ஒரு புது எக்சோஸ்

பிக்-அப் வண்டி நிற்கும் வீட்டில் ஓர் இளைஞன் இருந்தால் போதும், "எக்சோஸை மாத்துனா வண்டி பறக்கும், டீசலும் மிச்சமாகும்" என்ற பேச்சு என்றாவது ஒரு நாள் வந்தே தீரும். ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், நவாரா என்று எந்த வண்டியாக இருந்தாலும் இதே பேச்சுதான். கைப்பேசியைத் திறந்தால் பளபளக்கும் குழாய்களும் இடிபோல் முழங்கும் காணொளிகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. விலையைக் கேட்டால்தான் மயக்கம் வருகிறது.

நான் இயந்திரப் பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கடந்த பருவ விடுமுறையில் என் மாமாவின் பதினான்கு வயது பிக்-அப்பின் எக்சோஸை 600 வெள்ளிக்குள் சீராக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. படிவம் நான்கில் படித்த இயற்பியல் இதில் எனக்கு எவ்வளவு உதவியது, பணத்தை எங்கே செலவிட வேண்டும், எங்கே செலவிடத் தேவையில்லை என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

மாமாவின் தலைவலி

மாமா பாகான் டத்தோவில் தேங்காய் வாங்கிக் கிள்ளான் வரை கொண்டுபோய் விற்பவர். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, சபாக் பெர்ணம், கோல சிலாங்கூர் வழியாகப் போவார். வாரத்தில் நான்கு நாள் இந்த ஓட்டம். வண்டி 2.5 லிட்டர் டர்போ டீசல்.

சில மாதங்களாக வண்டிக்கு அடியிலிருந்து 'தப்தப்' என்று ஒரு சத்தம். அதைவிட முக்கியமான ஒன்றை அத்தைதான் சொன்னார். மழை நாளில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் மாமாவுக்குத் தலைவலி வருகிறதாம். "தூக்கம் பத்தலம்மா, வேற ஒன்னுமில்ல" என்று மாமா சொல்லிவிட்டார். தூக்கம் மட்டும்தான் காரணமென்றால் வெயில் நாளிலும் தலை வலிக்க வேண்டுமே என்று எனக்குத் தோன்றியது.

எக்சோஸ் எங்கேயாவது ஒழுகினால் புகை வண்டியின் அடியிலேயே தங்கும். தரைத் தகட்டில் உள்ள சிறு துளைகள், தேய்ந்துபோன ரப்பர் அடைப்புகள் வழியாக அது உள்ளே வரும். பெட்ரோல் இயந்திரத்தைவிட டீசல் இயந்திரம் கார்பன் மோனாக்சைடைக் குறைவாகவே வெளியிடுகிறது. ஆனால் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் அதில் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூன் மாதத்தில் டீசல் புகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவுப் பொருள்களில் சேர்த்துவிட்டது. ஆகவே வண்டி பறப்பதெல்லாம் அப்புறம், மாமா நல்ல காற்றைச் சுவாசிக்க வேண்டும் என்பதே எங்கள் முதல் இலக்கு.

இரண்டு கடை, இரண்டு விலை

முதலில் போன கடையில் 1,800 வெள்ளி கேட்டார்கள். முழுவதும் 3 அங்குல ஸ்டெயின்லஸ் குழாய், சைலன்சர் கிடையாது, கேட்டலிஸ்டையும் "இலவசமாகவே" கழற்றித் தருவதாகச் சொன்னார்கள். மாமா மகன் படிவம் ஐந்து படிப்பவன். "சவுண்ட் கெத்தா இருக்கும் அக்கா" என்று என் காதில் சொன்னான்.

அந்த 'இலவசம்' யோசிக்க வேண்டிய விஷயம். கேட்டலிஸ்டின் உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உள்ளன. பழைய கேட்டலிஸ்டுக்கும் சந்தையில் நல்ல விலை உண்டு. கழற்றிய பொருள் யாரிடம் போகிறது என்று கேட்டால், இலவசத்தின் கணக்கு புரிந்துவிடும்.

இரண்டாவது கடையில் 220 வெள்ளிக்கு ஓட்டைகளை வெல்டிங் வைத்து அடைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மலிவுதான். ஆனால் துரு தின்று மெலிந்துபோன தகட்டில் வெல்டிங் நிலைத்து நிற்காது. ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை விழும்.

முதலில் சோதனை, பிறகு செலவு

ஆகவே எதையும் வாங்குவதற்கு முன், வண்டியை ஒரு முறை முழுதாகப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தோம். இதற்குக் காசு தேவையில்லை, பொறுமைதான் தேவை. வண்டி நன்றாக ஆறிய பிறகு சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அடைப்பு வைத்து, ஜேக்கை மட்டும் நம்பாமல் தாங்கு கால்களையும் வைத்தோம். அடியில் போகிறவர் யாராக இருந்தாலும் இந்த மூன்றையும் தவிர்க்கக் கூடாது.

இணைப்புகளில் கறுப்பாகக் கரி படிந்திருந்தால் அங்கே ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். சந்தேகமான இடங்களை உறுதிப்படுத்த ஓர் எளிய வழி உண்டு. காற்றை வெளியே ஊதும் வசதியுள்ள வேக்கம் கிளீனரின் குழாயை, இயந்திரம் நிறுத்தப்பட்ட வண்டியின் வால்குழாயில் செருகித் துணியால் இறுக்கிக்கொள்ளுங்கள். பிறகு இணைப்புகளின் மேல் சவர்க்கார நீரைத் தெளியுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அங்கே ஓட்டை. சைக்கிள் டயருக்குப் பஞ்சர் பார்ப்பது போலத்தான்.

எங்கள் வண்டியில் மூன்று இடங்களில் குமிழி வந்தது. கேட்டலிஸ்டுக்குப் பின்னால் உள்ள இணைப்பில் கேஸ்கெட் எரிந்துபோயிருந்தது. அது ஓட்டுநர் இருக்கைக்கு ஏறக்குறைய நேர் கீழே இருந்தது. அதற்கு அடுத்த குழாயிலும் சைலன்சரின் மடிப்பிலும் துரு ஓட்டைகள். குழாயைத் தாங்கும் தொங்கு ரப்பர்களில் இரண்டு அறுந்திருந்தன. 'தப்தப்' சத்தத்துக்கு அவையும் ஒரு காரணம். அதே சமயம் கேட்டலிஸ்டும், பின் அச்சுக்கு மேல் வளைந்து செல்லும் வால்குழாயும் உறுதியாகவே இருந்தன. பட்ஜெட்டைக் காப்பாற்றியது இந்தக் கடைசிச் செய்திதான்.

சைலன்சர் ஏன் உள்ளிருந்தே துருப்பிடிக்கிறது தெரியுமா? ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர், ஆவியாக வெளியேறுகிறது. டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் நீர் இது. நீண்ட ஓட்டத்தில் குழாய் சூடாகி இந்த நீர் வெளியே போய்விடும். தோட்டத்துக்கும் கடைக்குமாகக் குறுகிய தூரம் ஓட்டும்போது அது சைலன்சரிலேயே குளிர்ந்து தேங்கிவிடுகிறது. பழைய டீசலில் கந்தகம் அதிகமாக இருந்ததால் அந்த நீரில் அமிலமும் சேரும். யூரோ 2எம் டீசலில் பத்து லட்சத்தில் 500 பங்கு வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. யூரோ 5 டீசலில் அது 10 பங்குதான். இதோடு பாகான் டத்தோவின் கடல் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சைலன்சரின் அடியில் தொழிற்சாலையிலேயே போட்ட சின்னத் துளை இருந்தால், அது தேங்கும் நீர் வடிவதற்காக வைத்தது. ஓட்டை என்று நினைத்து அதை அடைத்துவிடாதீர்கள்.

இரண்டா, இரண்டரையா, மூன்றா?

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் எந்த அளவுக் குழாய் போடுவது? இங்கேதான் பாடப்புத்தகம் கைகொடுத்தது.

நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் கொள்ளளவு காற்றை இழுக்கும். 2.5 லிட்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், டர்போவைக் கணக்கில் சேர்க்காமலேயே, நிமிடத்துக்கு 3,750 லிட்டர். அது 30 பாகை செல்சியஸில் உள்ளே போகிறது. வெளியே வரும்போது 400 பாகை என்று வைத்துக்கொள்வோம். சார்லஸ் விதிப்படி கெல்வினில் கணக்கிட்டால் 303-இலிருந்து 673. கன அளவு இரண்டு மடங்கைத் தாண்டி, நிமிடத்துக்கு 8,000 லிட்டருக்கு மேல் போய்விடுகிறது. இவ்வளவும் பழைய 2 அங்குலக் குழாய் வழியாகப் போக வேண்டும்.

ஒரே அளவு வாயு ஓடும்போது, குழாயில் ஏற்படும் அழுத்த இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறக்குறைய எதிர்விகிதத்தில் மாறும். 2 அங்குலக் குழாயின் இழப்பை 100 என்று வைத்துக்கொண்டால், 2.5 அங்குலத்தில் அது சுமார் 33, 3 அங்குலத்தில் சுமார் 13. முதல் அரை அங்குலம் 67 பங்கைக் குறைக்கிறது. அடுத்த அரை அங்குலம் குறைப்பது 20 பங்குதான். ஆனால் 3 அங்குலக் குழாய்க்கு விலையும் எடையும் கூடும், அச்சுக்கும் டீசல் தொட்டிக்கும் நடுவே இடமும் போதாது. இயந்திரத்தின் மற்ற பாகங்களை மாற்றாத வண்டிக்கு 2.5 அங்குலமே தாராளம் என்று நாங்கள் முடிவு செய்தோம்.

வால்குழாயை ஏன் மாற்றவில்லை என்று கேட்கலாம். வாயு பின்னால் போகப் போகக் குளிர்கிறது, குளிரக் குளிரச் சுருங்குகிறது. 400 பாகையிலிருந்து 250 பாகைக்கு இறங்கினால் கன அளவு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். எனவே பணத்தை வாயு மிகச் சூடாக இருக்கும் முன்பகுதியில் போட்டோம். அச்சுக்கு மேல் வளைத்துக் குழாய் செய்வதுதான் கடைக்காரருக்கு அதிக வேலை. அது தப்பியதால் கூலியும் குறைந்தது.

"இயந்திரத்துக்குக் கொஞ்சம் பின்அழுத்தம் வேண்டும், இல்லாவிட்டால் இழுவை போய்விடும்" என்று சிலர் சொல்வார்கள். டர்போ டீசலுக்கு அது பொருந்தாது. டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுவதே அதன் முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாடுதான். பின்னால் அழுத்தம் குறைந்தால் டர்போவுக்கு நல்லதே. ஆனால் அதை வைத்து வண்டி பறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். டீசல் இயந்திரத்தின் திறனை முடிவு செய்வது அதற்குள் பாய்ச்சப்படும் டீசலின் அளவு. அந்த அளவைக் கணினி பழையபடியே வைத்திருக்கும்போது, குழாயை மட்டும் மாற்றிக் கிடைக்கும் ஆதாயம் சிறியதுதான்.

எந்த இரும்பு?

சாதாரண எஃகுக் குழாய்தான் மிக மலிவு, கடலோரத்தில் ஆயுளும் குறைவு. அடுத்தது அலுமினியம் பூசிய எஃகு. அதற்கும் மேலே ஸ்டெயின்லஸ். ஸ்டெயின்லஸிலும் வகைகள் உண்டு. 409 என்ற வகையில் சுமார் 11 விழுக்காடு குரோமியம். 304 வகையில் சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டும் காந்தத்தைக் கையோடு கொண்டு போங்கள். 409-இல் காந்தம் ஒட்டும், 304-இல் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டுகிறது என்பதற்காக அது போலி ஆகிவிடாது. 304-க்கு விலை கொடுத்து 409 வாங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தச் சோதனை.

ஒன்றை மட்டும் எக்காரணத்துக்கும் வாங்காதீர்கள். துத்தநாகம் பூசிய நீர்க்குழாயை எக்சோஸாகப் பயன்படுத்துவதைச் சிலர் மலிவு வழி என்று சொல்வார்கள். அதை வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். நம் செலவை மிச்சப்படுத்த, வெல்டிங் செய்பவரை நோயாளியாக்கலாமா?

நாங்கள் அலுமினியம் பூசிய குழாயைத் தேர்ந்தெடுத்தோம். வளைவுகள் நசுங்காமல் வளைக்கப்பட்டிருக்கின்றனவா என்று தடவிப் பார்த்து வாங்கினோம். வளைவில் குழாய் நசுங்கினால் 2.5 அங்குலத்துக்குக் கொடுத்த காசு வீண்.

சத்தமும் சட்டமும்

சைலன்சரை எடுத்துவிடும் யோசனைக்கு மாமாவே முற்றுப்புள்ளி வைத்தார். "காலையில நாலு மணிக்குக் கிளம்புறேன். பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கு. நாளைக்கு அவங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

டெசிபல் கணக்கும் மாமாவின் பக்கம்தான். 10 டெசிபல் கூடினால் ஒலியின் திறன் பத்து மடங்காகிறது, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கிறது. வேலையிடங்களுக்கான 2019 இரைச்சல் விதிமுறைகள் ஒரு நாளுக்கான சராசரி அளவை 85 டெசிபல் என்று வரையறுக்கின்றன. தினமும் பல மணி நேரம் ஓட்டுபவருக்கு வண்டிதான் வேலையிடம்.

சட்டமும் இருக்கிறது. வாகன இரைச்சலுக்கு 1987-ஆம் ஆண்டின் விதிமுறைகளும், டீசல் புகைக்கு 1996-ஆம் ஆண்டின் விதிமுறைகளும் நடப்பில் உள்ளன. புகையின் அடர்த்தியை ஹார்ட்ரிட்ஜ் என்ற அலகில் அளக்கிறார்கள். 0 என்றால் தெளிந்த காற்று, 100 என்றால் ஒளியே ஊடுருவாத புகை, வரம்பு 50. கேட்டலிஸ்டையோ, புதிய வண்டிகளில் உள்ள கரித்துகள் வடிகட்டியையோ கழற்றிவிட்டு, சாலைச் சோதனையில் மாட்டினால் அபராதம் கட்டப்போவது நாம்தான், கழற்றிக் கொடுத்த கடை அல்ல.

சத்தமும் கூடாமல் ஓட்டமும் தடைபடாமல் இருக்க ஒரு வழி உண்டு. பழைய வகைச் சைலன்சரில் வாயு அறை அறையாகத் திரும்பித் திரும்பிப் போகும். நேர்வழிச் சைலன்சரில் துளையிட்ட குழாய் ஒன்று நேராகப் போக, அதைச் சுற்றி வெப்பம் தாங்கும் கண்ணாடி இழை ஒலியை உறிஞ்சும். எங்கள் பணத்தில் பெரும்பங்கை இதற்குத்தான் ஒதுக்கினோம்.

கணக்கு

தெலுக் இந்தானில் மூன்றாவதாக ஒரு கடையைத் தேடிப் பிடித்தோம். தவுக்கே நாங்கள் எழுதிக்கொண்டு போன தாளை இரண்டு முறை படித்துவிட்டு, "இப்படித் தெளிவா கேட்டு வர்றவங்க கொறைச்சல்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

கேஸ்கெட், போல்ட், தொங்கு ரப்பர்: 55 வெள்ளி. நேர்வழிச் சைலன்சர்: 210 வெள்ளி. 2.5 அங்குலக் குழாய், வளைவுகளோடு: 170 வெள்ளி. ஃபிளாஞ்சும் வெல்டிங் கூலியும்: 150 வெள்ளி. மொத்தம் 585 வெள்ளி.

வேலை தொடங்கும் முன் சில விஷயங்களைக் கேட்டுக்கொண்டோம். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வண்டியின் கணினிக்கு ஆபத்து. எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டிவிடாமல், சைலன்சருக்கு இருபுறமும் போல்ட் இணைப்பு வைக்க வேண்டும். அடுத்த முறை அந்தத் துண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். குழாய் பிரேக் குழாயையோ டீசல் தொட்டியையோ நெருங்கக் கூடாது. வெப்பத் தடுப்புத் தகடுகளைத் திரும்பப் பொருத்தியே ஆக வேண்டும். காய்ந்த தேங்காய் நாரும் பஞ்சும் வண்டிக்கு அடியில் சிக்குவது எங்களுக்கு அன்றாடக் காட்சி என்பதால் இதில் நான் பிடிவாதமாக இருந்தேன். வால்குழாய் பழையபடி வண்டியின் பின்முனை வரை போக வேண்டும். நடுவில் வெட்டிவிட்டால் புகை மறுபடியும் உள்ளேதான் வரும்.

பலன் என்ன?

வேலை முடிந்ததும் சவர்க்கார நீரை மறுபடி தெளித்தோம். ஒரு குமிழிகூட வரவில்லை.

2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஏறியது முதல், மாமா ஒவ்வொரு முறை எண்ணெய் ஊற்றும்போதும் கிலோமீட்டரைக் குறித்து வைக்கிறார். மாற்றத்துக்கு முன் மூன்று தொட்டிகளின் சராசரி லிட்டருக்கு 10.9 கிலோமீட்டர், பின் மூன்று தொட்டிகளின் சராசரி 11.1. சுமை நாளுக்கு நாள் மாறுவதால், இந்த வித்தியாசத்தைச் சேமிப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எக்சோஸ் மாற்றினால் டீசல் மிச்சமாகும் என்று யாராவது சொன்னால், எத்தனை தொட்டி அளந்து பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

சத்தம் முன்பைவிடச் சற்றுக் கனமாக, ஆனால் அடக்கமாக இருக்கிறது. மாமா மகனுக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருந்தாலும் அந்த ஐந்தாம் அடுக்குக் கணக்கைத் தன் இயற்பியல் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான்.

அடுத்து வந்த வாரம் முழுக்க நல்ல மழை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மாமா கிள்ளானுக்கு நான்கு முறை போய் வந்தார். ஒவ்வொரு முறையும் தலைவலி உண்டா என்று அத்தை கேட்டார். நான்கு முறையும் இல்லை என்றார் மாமா.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டி இருந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு வாளி சவர்க்கார நீரோடு அடியில் குனிந்து பாருங்கள். குமிழி எங்கே வருகிறது என்று தாளில் குறித்துக்கொண்டு போனால், உங்கள் வண்டிக்கு என்ன வேண்டும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்ய மாட்டார், நீங்கள் முடிவு செய்வீர்கள்.